சந்தைக் கூரையின் கீழ் ஒரு நகரம்

பார்சிலோனாவின் பழைய நகரில், சான்டா மரியா தெல் மார் தேவாலயத்தின் பின்புறம் தொடங்கும் அகன்ற வீதி நேரே போர்ன் சந்தையில் போய் முடிகிறது. ஜோசெப் ஃபொன்ட்சரே வடிவமைத்து 1876இல் திறக்கப்பட்ட மண்டபம் இது. வார்ப்பிரும்புத் தூண்கள், நடுவில் எண்கோணக் குவிமாடம், வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் சாய்வுப் பலகைகள். காய்கறி வாடாமலிருக்க வேறென்ன வேண்டும்?

1921 முதல் ஊருக்கே காய்கனி மொத்த வியாபாரம் இங்கேதான் நடந்தது. 1971இல் அது வேறிடத்துக்குப் போனதும் மண்டபத்தை இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அக்கம்பக்கத்தார் விடவில்லை. 1976இல் நடிகர்கள் ஒன்றுகூடி, காலியாகக் கிடந்த இதே மண்டபத்தில் ‘டான் ஹுவான் டெனோரியோ’ நாடகத்தை அரங்கேற்றினார்கள்.

பிறகு இதை நூலகமாக்கத் தீர்மானித்துத் தரையைத் தோண்டினார்கள். அடியில் தெருக்களும் வீடுகளுமாக ஒரு நகரமே கிடந்தது! 1714 செப்டம்பர் 11 அன்று, ஓராண்டுக்கும் மேல் நீண்ட முற்றுகைக்குப் பின், ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் ஃபிலிப்பின் படையிடம் பார்சிலோனா வீழ்ந்தது. நகரை அடக்கிவைக்கக் கோட்டை கட்டுவதற்காக இந்த ரிபெரா பகுதியில் ஏறக்குறைய ஆயிரம் வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. குடியிருந்தவர்களே தங்கள் வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது. கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமென்று அங்கே யாரையும் கட்டவிடவில்லை. அதனால்தான் அடிச்சுவர்கள் மண்ணுக்குள் தப்பிப் பிழைத்தன.

இடிபாடுகளைக் காப்பதற்காக நூலகத் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பகுதி மக்களுக்கு அது சிறிய இழப்பல்ல. ஆனாலும் எடுத்த முடிவு சரியானது என்றே சொல்வேன். மேலிருந்து பார்த்தால் தேய்ந்த தெருக்கற்கள், அறைகளின் தடுப்புச் சுவர்கள், வீடுகளை ஒட்டி ஓடிய ரெக் கொம்தால் வாய்க்காலின் தடம் எல்லாம் தெரிகின்றன. பழைய பத்திரங்களைப் புரட்டி, எந்த வீட்டில் யார் வாழ்ந்தார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். மண்ணிலிருந்து கிடைத்தவற்றில் சாக்லேட் குடித்த பீங்கான் கிண்ணங்களும் களிமண் புகைக்குழாய்களும் உண்டு. தோற்றவர்கள் என்று மட்டும் வரலாறு குறித்துவைத்த மக்கள், மாலையில் என்ன குடித்தார்கள் என்பது வரை இங்கே தெரிந்துவிடுகிறது.

2013 செப்டம்பர் 11 அன்று பண்பாட்டு மையமாகத் திறக்கப்பட்ட இடம், இன்று பண்பாட்டுக்கும் நினைவுக்குமான மையம் என்று அழைக்கப்படுகிறது. இடிபாடுகளைப் பார்க்கக் கட்டணமில்லை. 2016இல் ஒரு கண்காட்சிக்காக, குதிரைமேல் அமர்ந்த சர்வாதிகாரி ஃப்ராங்கோவின் தலையில்லாச் சிலையை வாசலில் வைத்தார்கள். ஊரார் முட்டை வீசினார்கள், சாயம் பூசினார்கள், கடைசியில் கீழே தள்ளியும்விட்டார்கள். சில நாட்களிலேயே சிலை அகற்றப்பட்டது.