பெப்பர் ஸ்ப்ரேயும் குண்டூர் மிளகாயும்

அமீர்பேட் தெரியாதவங்களுக்கு: மைத்ரிவனத்தைச் சுத்தி எங்க திரும்பினாலும் கோச்சிங் சென்டர், அதுக்கு ஈடா லேடீஸ் ஹாஸ்டல். எங்க வீடும் அந்தச் சந்தடிக்குள்ளதான். பொண்ணு சாயங்கால வகுப்பு முடிஞ்சு வர எட்டரை மணி ஆகுது. "அவ பையில ஒரு பெப்பர் ஸ்ப்ரே இருக்கட்டும்"னு தங்கமணி உத்தரவு போட்டாங்க. பேங்க்காரன் பாருங்க, முழுசா படிக்காம எதையும் பாஸ் பண்ண மாட்டேன் :-)

பேருதான் பெப்பர். உள்ள இருக்கறது மிளகு இல்லைங்க, மிளகாய்ச் சாறு. இங்க ஆவக்காய்ல போடற குண்டூர் மிளகாயில இருக்கே கேப்சைசின், அதே சரக்கு. சூட்டை உணர்ற நரம்பு முனையில அது போய் ஒட்டிக்கும். எதுவும் எரியாமலே 'எரியுது'ன்னு மூளைக்குத் தந்தி போயிடும். அந்த நரம்பு வாசலை 1997ல் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் பரிசுல பங்கு கிடைச்சது. பறவைக்கு இது உறைக்காது. கிளி மிளகாய்ப்பழத்தை ஜாலியா கொறிக்கிற ரகசியம் இதுதான்.

யானைக்கு உறைக்கும். அஸ்ஸாம்லயும் ஆப்பிரிக்காவுலயும் மிளகாய்த்தூளை கிரீஸ்ல குழைச்சு, கயித்துல பூசி வயலைச் சுத்திக் கட்டறாங்க. நெடி பட்டா யானை பெரும்பாலும் வந்த வழியே திரும்பிடும்.

இப்ப லோக்சபாவுக்கு வாங்க. 2014 பிப்ரவரி 13. ஆந்திராவைப் பிரிக்கிற மசோதா வந்த நேரம். விஜயவாடா எம்.பி. லகடபாடி ராஜகோபால் சபைக்குள்ளயே பெப்பர் ஸ்ப்ரே அடிச்சார். ஆதரிச்சவங்க, எதிர்த்தவங்க எல்லாருமே இருமிக்கிட்டு வெளிய ஓடினாங்க. சிலரை ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனாங்க. மசோதா என்னவோ நிக்கல. ஜூன் 2ல் தெலங்கானா பிறந்துடுச்சு.

யானைக்குப் பின்னால காடு இருந்தது. சபையில நாலு பக்கமும் சுவர். வித்தியாசம் அவ்வளவுதான். விலகிப் போக வழி இருந்தாத்தான் இந்தச் சரக்கு வேலை செய்யும்.

வாங்கிக் கொடுத்துட்டேன். கூடவே பாடமும் நடத்தினேன். "லிஃப்ட்லயோ மூடின கார்லயோ அடிச்சா உன் கண்ணும்தான் எரியும். எதிர்க்காத்துல அடிக்காதே. டப்பாவுல தேதி பாரு, டெபாசிட் மாதிரி இதுக்கும் கெடு உண்டு. அடிச்சதும் நிக்காம ஓடு. இது சண்டை போடறதுக்கு இல்லம்மா, ஓடறதுக்கு உனக்குக் கிடைக்கிற சில நிமிஷம்."

எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரிப்பா, எங்க ஓடறது? நம்ம சந்து முனையில லைட்டே எரியறதில்லையே"ன்னா.

தெருவிளக்குக்கு மனு எழுதிட்டேன். பக்கத்து ஹாஸ்டல் பொண்ணுங்ககிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு இருக்கோம்.