ராணி கைப்பையும் கான்சாபுரம் மஞ்சப்பையும்

ஹேண்ட்பேக் பற்றிச் சொல்றேன்னு கூட்டிக்கிட்டு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திட்டானேன்னு முறைக்காதீங்க மக்களே. விஷயம் இருக்கு. கால் கிலோ பால்கோவா வாங்கி பேக்கில் போட்டுக்கிட்டு, வத்திராயிருப்பு பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுங்க. ஜன்னல் சீட் முக்கியம். ஆண்டாள் கோயில் கோபுரம் பின்னால் போகப் போக, மேற்குத் தொடர்ச்சி மலை முன்னால் வரும். தென்னந்தோப்பு, நெல் வயல், கண்மாய், நடுநடுவே காய்ந்த கரிசல். 2025-ல் இன்ஸ்டா ரீல்ஸில் தமிழ்நாட்டையே கலக்கிய கூமாப்பட்டி இந்தப் பக்கம்தான். அதே வட்டாரத்தில், ரீல்ஸ் வெளிச்சம் படாமல் அமைதியா இருக்கிற ஊர் கான்சாபுரம்.

பெயரைக் கவனிச்சீங்களா? கான் சாகிப். அதாவது மருதநாயகம் என்கிற முகம்மது யூசுப் கான். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் தளபதியா இருந்து, பூலித்தேவனோடு மோதி, மதுரையை ஆண்டு, கடைசியில் கம்பெனியையே எதிர்த்து நின்றவர். 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் தூக்கிலிட்டார்கள். அவர் பெயரைச் சுமக்கிற ஊர் இது.

சரி, இதில் ஹேண்ட்பேக் எங்கே வருது? வருது, வருது!

1997 அக்டோபர் 16. அவரைத் தூக்கிலிட்டு 233 வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. சென்னை எம்.ஜி.ஆர். ஃபிலிம் சிட்டியில் கமல்ஹாசனின் ‘மருதநாயகம்’ தொடக்க விழா. சிறப்பு விருந்தினர், இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத். படம் முடியவே இல்லை என்பது தனி சோகம். நம்ம கதைக்கு வேண்டியது ராணி. உலகத்தில் எங்கே போனாலும் அவர் முழங்கையில் ஒரு பை தொங்கும். ‘லானர்’ என்கிற லண்டன் கம்பெனியின் பை. 1968-ல் அரண்மனை அங்கீகாரம் பெற்ற கம்பெனி அது. ராணி பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினால், ‘பேசினது போதும், என்னைக் கூட்டிட்டுப் போங்க’ன்னு உதவியாளர்களுக்கு சிக்னல்னு சொல்வாங்க. ஒரு பை, வாயைத் திறக்காமலே பேசும்!

சினிமா தூக்கிவிட்ட பைகள்

பைகளைப் பேச வைத்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1955-ல் வந்த ஹிட்ச்காக் படம் ‘டு கேட்ச் எ தீஃப்’. அந்த சமயத்தில்தான் கிரேஸ் கெல்லி கைக்கு ஹெர்மெஸ் பை வந்தது. அடுத்த வருஷம் மொனாக்கோ இளவரசியாகி, கர்ப்பமா இருந்தப்போ, கேமராக்காரர்களிடமிருந்து வயிற்றை மறைக்க அதே மாதிரிப் பையைத்தான் பிடித்தார். அந்தப் படம் உலகமெல்லாம் பரவ, 1977-ல் கம்பெனியே அந்தப் பைக்கு ‘கெல்லி’ன்னு பெயர் வைத்துவிட்டது. நம்ம ஊர்ல ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’ (2011) பார்த்தவங்களுக்கு ‘பக்வதி’ ஞாபகம் இருக்கும். மூணு நண்பர்கள் போகிற ஸ்பெயின் டிரிப்பில் கூடவே வருகிற, அநியாய விலை ஹெர்மெஸ் பைக்கு அவங்க வைத்த செல்லப்பெயர்.

இன்னொன்று, ராஜஸ்தானில் எடுத்த ‘த டார்ஜிலிங் லிமிடெட்’ (2007). மூணு அண்ணன் தம்பிகள், செத்துப்போன அப்பாவின் லூயி விட்டான் பெட்டிகளைப் படம் முழுக்கச் சுமப்பாங்க. படத்துக்காகவே மார்க் ஜேக்கப்ஸ் டிசைன் செய்த பெட்டிகள் அவை. கடைசியில் ஓடுற ரயிலைப் பிடிக்க என்ன பண்றாங்க தெரியுமா? அத்தனை பெட்டியையும் கீழே போட்டுட்டு ஓடுறாங்க!

எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடுகிற மேட்டர் ஒண்ணு. ‘இண்டியானா ஜோன்ஸ்’ தோளில் குறுக்கே ஒரு பை தொங்குமே? டிசைனரும் இல்லை, பிராண்டும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ்காரங்க விஷவாயு முகமூடி வைக்கப் பயன்படுத்திய பழைய ராணுவப் பை. 1981-ல் ஹீரோ மாட்டிக்கிட்டதும் உலகப் புகழ். செகண்ட் ஹேண்டுன்னா இளக்காரமா நினைக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

மூணாவது தடவைக்கு இதையும் வெச்சுக்கோங்க. 2025 ஜூலை 10, பாரிஸ் சோத்பீஸ் ஏலம். நடிகை, பாடகி ஜேன் பிர்கினுக்காக ஹெர்மெஸ் முதன்முதலில் செய்த ‘பிர்கின்’ பை ஏலத்துக்கு வந்தது. அவர் வருஷக்கணக்கில் தூக்கிச் சுமந்த, கீறல் விழுந்த, ஸ்டிக்கர் ஒட்டின அடையாளம் உள்ள பழைய பை. போன விலை சுமார் 86 லட்சம் யூரோ. நம்ம கணக்கில் 80 கோடி ரூபாய்க்கும் மேல். அதுவரைக்கும் ஏலத்தில் வேறெந்த ஹேண்ட்பேக்கும் அந்த விலைக்குப் போனதில்லை. அந்தப் பழைய பைதான் புதுசையெல்லாம் ஜெயிச்சது!

ஆவாரம்பூ தெரியும், ஆவாரம்பட்டை தெரியுமா?

இப்போ மறுபடி கான்சாபுரம் பக்கம் வாங்க. நஞ்சை தாண்டி மானாவாரிக் காட்டுப் பக்கம் நடந்தால் மஞ்சள் மஞ்சளா ஆவாரம்பூ. பொங்கலுக்குக் காப்புக் கட்டுற அதே பூ. இந்தச் செடியின் பட்டையில் இருக்கிற துவர்ப்புதான் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் அழுகாமல் காக்கும். இப்படிப் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்கிற பெயரில் கப்பலேறியது. திண்டுக்கல், திருச்சி தோல் ஷாப்புகள் இதற்குப் பேர்போனவை. பின்னாளில் ஆவாரம்பட்டை இருந்த இடத்தை வாட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது. ஆனாலும் வேலை அதே வேலைதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் இன்றைக்கும் தோல்தான் சோறு போடுது. தோல் ஆராய்ச்சிக்கென்றே 1948-ல் தொடங்கிய சி.எல்.ஆர்.ஐ. சென்னை அடையாறில் இருக்கு. 1978-ல் புதுச்சேரியில் சின்னப் பட்டறையாகத் தொடங்கிய ‘ஹைடிசைன்’, இதே மாதிரி தாவரப் பதனிடுதலை வைத்தே உலகம் முழுக்கப் பை விற்கிறது.

ஆக, ‘ஃபாரின் பை’ன்னு வாயைப் பிளக்கிற சமாச்சாரத்தின் பாதி வித்தை நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை. அந்த வேலையில் கை கறுத்தவங்களை நாம எங்கே வெச்சிருந்தோம் என்பது வேற கேள்வி. பையை மேசை மேல் வெச்சோம். செஞ்சவங்களை ஊருக்கு வெளியே வெச்சோம். இதையும் சேர்த்து யோசிச்சாத்தான் பையின் விலை முழுசாப் புரியும்.

ஃபர்ஸ்ட் காப்பியா, செகண்ட் ஹேண்டா?

காலேஜ்ல உங்க ஃப்ரெண்ட் ஒருத்தங்க 1,500 ரூபாய்க்கு ‘ஃபர்ஸ்ட் காப்பி’ லூயி விட்டான் மாட்டிக்கிட்டு சீன் போடுறாங்களா? கொஞ்சம் பொறுங்க. ஒரு மழைக்காலம் போனா ரெக்ஸின் தோலுரிஞ்சு கழுத்தில் ஒட்டும். தவிர, போலி பிராண்டு விற்பது 1999 வர்த்தகக் குறிச் சட்டப்படி குற்றம். 6 மாதம் முதல் 3 வருஷம் வரை உள்ளே தள்ளலாம். பிரான்ஸ் மாதிரி நாடுகளில் போலியைக் கையில் வெச்சிருந்தாலே மாட்டிக்குவீங்க.

அதே காசுக்கு, இல்லேன்னா கொஞ்சம் கூடச் சேர்த்து, பழைய நிஜத் தோல் பை வாங்கலாம். சீனியர்கிட்ட டிராஃப்டர் வாங்குறோம், அண்ணன் சைக்கிளை ஓட்டுறோம், அக்கா புத்தகத்தைப் படிக்கிறோம். பை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ஆனா ஏமாறாமல் வாங்கணும். அதுக்குச் சில டிப்ஸ்:

1. தையலைப் பாருங்க. ஒரே அளவு, ஒரே சாய்வு இருக்கணும். பிசிறு தொங்கினா டாட்டா சொல்லிடுங்க.

2. லூயி விட்டானின் பிரபலமான பிரவுன் பைகள் பெரும்பாலும் பூச்சு போட்ட கேன்வாஸ், கைப்பிடிதான் தோல். தாவரப் பட்டையில் பதனிட்ட அந்தத் தோல், வருஷம் ஆக ஆகத் தேன் நிறத்துக்கு மாறும். ‘பத்து வருஷப் பை’ன்னு சொல்லி, கைப்பிடி பால் மாதிரி வெளுத்திருந்தா, ‘ஏன்?’னு கேளுங்க.

3. உள்ளே தேதிக் குறியீடு இருக்கு என்பது மட்டும் சாட்சி ஆகாது. போலிக்காரனுக்கும் அச்சடிக்கத் தெரியும். 2021-லிருந்து அந்தக் கம்பெனி குறியீட்டை விட்டுட்டு சிப் வைக்க ஆரம்பிச்சுட்டது. போன வருஷம் வாங்கினதுன்னு சொல்ற பையில் பழைய குறியீடு இருந்தா எஸ்கேப் ஆகிடுங்க.

4. மோந்து பாருங்க, வெட்கப்படாதீங்க! தோலுக்குத் தோல் வாசனை. பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் வாசனை.

5. பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீங்க. ‘கியூ.ஆர். ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வரும்’னு சொன்னா கட் பண்ணிடுங்க. பின் போட்டா பணம் போகும், வராது.

6. வார் அறுந்திருக்கா? அதைக் காட்டி விலையைக் குறைங்க. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குடை, செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கொடுங்க. கெட்டியாத் தைச்சுத் தருவார். அவர்கிட்ட மட்டும் பேரம் பேசாதீங்க.

மஞ்சப்பைக்கு ஒரு சல்யூட்

இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து முதல்முறை சென்னைக்கு இன்டர்வியூ போறவங்களுக்கு ஒரு பயம் உண்டு. இங்கிலீஷ் வராதோன்னு பயம். அதுக்கு மேல, பையைப் பார்த்தே எடை போட்டுடுவாங்களோன்னு பயம். ‘மஞ்சப்பையோட வந்தவன்’ என்பது எத்தனை வருஷமா நம்ம சினிமாவில் கிண்டல் வசனம்! 2014-ல் ராஜ்கிரண் நடிச்சு அந்தப் பேரிலேயே படம் வந்தது. 2021 டிசம்பர் 23-ல் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு இயக்கமே தொடங்கியது. 2025-ல் செம காமெடி: அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ராம் கடையில், இந்தியில் மிக்சர் கடைப் பெயர் அச்சடிச்ச நம்ம கடைத்துணிப் பை, ‘இந்தியன் சூவனிர் பேக்’ என்ற பெயரில் 48 டாலர். நாலாயிரம் ரூபாய்! இங்கே ஜவுளிக்கடையில் புடவை எடுத்தா சும்மா கொடுக்கிற பைங்க அது.

அப்போ பைக்கு மரியாதையை யார் கொடுக்கிறது? தூக்குற ஆளு. ராணி தூக்கினா லானர், ஹீரோ தூக்கினா போர்க்களப் பழசு, அமெரிக்காக்காரன் தூக்கினா மஞ்சப்பை. உங்க சர்டிஃபிகேட்டைச் சுமந்துக்கிட்டு இன்டர்வியூ போற பைக்கும் அந்த மரியாதையை நீங்களே கொடுத்துடுங்க.

சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது, இப்பவே சொல்லிட்டேன். படியோரம் நில்லுங்க. சீட்டில் இருக்கிற ஒரு அக்கா, பேர் ஊர் கேட்காமல், ‘இங்க குடு தம்பி’ன்னு உங்க பையை வாங்கி மடியில் வெச்சுக்குவாங்க. அவங்க மடியில் ஏற்கனவே ரெண்டு ஸ்கூல் பேக், ஒரு வயர்கூடை இருக்கும். எது என்ன பிராண்டுன்னு அவங்க பார்க்கவே மாட்டாங்க. இறங்குற இடம் வந்ததும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கோங்க. பால்கோவா அதுக்குள்ளதான் இருக்கு!