வளைஞ்சு குடு சிண்டு!

ராத்திரி 11 மணிக்கு ஹாஸ்டல் ரூம்ல, மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற ஒரு பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்து உல்லன் நூல்ல பின்னிக்கிட்டு இருந்தா நீங்க என்ன நினைப்பீங்க? என் ரூம்மேட்ஸும் அதையேதான் நினைச்சாங்க. ''யாருடா அந்தப் பொண்ணு?''

பொண்ணு பேரு அம்மு. வயசு ரெண்டு. எங்க அக்கா மகள்!

2020 லாக்டவுன்ல எல்லாரும் டல்கோனா காபி கலக்கிட்டு இருந்தப்ப, எங்கம்மாகிட்ட குரோஷா ஊசி பிடிக்கக் கத்துக்கிட்டவன் நான். அம்மா டேபிள் கிளாத், வாசல் தோரணம்னு போடுவாங்க. நான் பொம்மைக்குப் போயிட்டேன். ஜப்பான்ல இதுக்கு 'அமிகுருமி'னு பேரு. பின்னிப் பஞ்சடைச்ச பொம்மை. ஒரு வளையத்துல 6 கண்ணி போட்டு, அடுத்த சுத்துல 12, அப்புறம் 18, 24னு கூட்டிக்கிட்டே போனா தட்டு மாதிரி விரியும். கூட்டுறதை நிறுத்தினா குழாய் மாதிரி எழும்பும். குறைச்சா மூடிக்கும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கோழிக்குஞ்சு, தக்காளி, பேய்னு உருண்டையா எது கேட்டாலும் செஞ்சு குடுத்துடுவேன். கை கால் இருக்கிற உயிரினம்னா எஸ்கேப்!

அக்கா போன் பண்ணினது அப்பதான். ''டேய், அம்முவுக்கு ஒரு குரங்கு பண்ணித் தா. ஆனா, அதுக்கு ஷூ மாட்டுற மாதிரி கால் வேணும்.''

அம்மு பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கமா திரும்பி இருந்துச்சு. 'கிளப் ஃபுட்'னு சொல்வாங்க. 'கிரகணத்தப்போ வெளிய வந்திருப்பா'ன்னு சொந்தக்காரங்க அக்காவைக் குத்திக் காட்டினாங்க. டாக்டர் அப்படிச் சொல்லலை. பொன்செட்டினு ஒரு டாக்டர் கண்டுபிடிச்ச முறை இருக்காம். வாராவாரம் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நேர்ப்படுத்தி மாவுக்கட்டு போடுவாங்க. அதுக்கப்புறம் குதிகால் தசைநாண்ல சின்னதா ஒரு கீறல். அத்தோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. ஒரு பட்டையில ரெண்டு ஷூ பொருத்தி மாட்டி விடுவாங்க. முதல் 3 மாசம் நாள் முழுக்க. அப்புறம் 4 வயசு வரைக்கும் தூங்குற நேரமெல்லாம். மாட்டாம விட்டா பாதம் பழையபடி திரும்பிடும்.

ரெண்டு வயசுப் பிள்ளைகிட்ட இதை யார் புரிய வைக்கிறது? தினமும் ராத்திரி அழுகை, உதை. ''சிண்டுவுக்கும் இதே ஷூ மாட்டி விட்டா மாட்டிப்பாளோ என்னவோ''ன்னா அக்கா. பொம்மை வர்றதுக்கு முன்னாடியே பேரும் வெச்சாச்சு!

உங்களுக்கு ஒரு உண்மையைச் சொல்லணும். முதல் கால் படு கேவலம். 18 கண்ணியில ஒரு நேர் குழாய். ''இது காலா, பஜ்ஜி மிளகாயா?''ன்னான் ரூம்மேட். ஷூ மாட்டினா வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. குதிகால் இருந்தாத்தானே ஷூ நிக்கும்! சரின்னு குழாயை மடக்கித் தைச்சேன். தோட்டத்து ஹோஸ் பைப்பை மடிச்ச மாதிரி முன்னாடி ஒரு சுருக்கம் விழுந்துச்சு. ''உள்ள கம்பி விட்டு வளைடா''ன்னு ஐடியா குடுத்தாங்க. எதையும் வாயில வைக்கிற குழந்தை. கம்பி வெளியே வந்தா?

எந்தக் குழாயா இருந்தாலும் வளைவுக்கு வெளிப்பக்கம் நீளம், உள்பக்கம் குட்டை. பைப் எல்போவைக் கையில எடுத்துப் பாருங்க, தெரியும். பரீட்சையில எழுதியிருக்கேன், பொம்மைக்கும் அதேதான்னு தோணலை. அம்மாதான் போன்ல சொன்னாங்க.. ''சாக்ஸுக்குக் குதிகால் எப்படிப் போடுவாங்க?''

அதாவது, விரல் நுனியில ஆரம்பிச்சுப் பாதத்தைச் சுத்திச் சுத்திப் பின்னிக்கிட்டு வந்து, குதிகால் வர்ற இடத்துல நிறுத்திடணும். அடிப்பக்கம் இருக்கிற 9 கண்ணியில மட்டும் வேலை. 9 போ, திரும்பு. 8 வா, திரும்பு. 7.. 6.. 5. மேல் பாதி சும்மா காத்துக்கிட்டு இருக்கும். அப்புறம் மறுபடி 18-ஐயும் சேர்த்துச் சுத்தினா, அடிப்பக்கம் ஒரு சின்னப் பை மாதிரி புடைச்சுக்கிட்டு, குழாய் தானா மேலே பார்த்துத் திரும்புது! நிஜமாவே குதிகால்! நான் போட்ட சத்தத்துல பக்கத்து ரூம்காரன் எழுந்து வந்துட்டான்.

முழங்காலுக்கு வேற வழி. அங்கே முன்பக்கம் நீளணும், பின்பக்கம் குறுகணும். முன்னாடி 3 கண்ணியில ரெண்டு ரெண்டா போட்டுக் கூட்டினேன். பின்னாடி ரெண்டு ரெண்டா சேர்த்து 3 குறைச்சேன். மொத்தம் அதே 18. நாலு சுத்துல கால் அழகா மடங்குச்சு. தோள் வரைக்கும் கையை இப்படியே வளைச்சுட்டேன்.

ரெண்டு காலையும் முடிச்சு, போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு போன். ''இடது காலைப் பார்த்தியாடா? அவளும் இப்படியேதான்டா பிறந்தா.''

பார்த்தேன். முழங்கால் நேரா இருக்கு. இடது பாதம் உள்ளே திரும்பி இருக்கு. வலது பாதம் வெளியே.

தப்பு என்னன்னா, வலது கைக்காரங்க சுத்திப் பின்னும்போது ஒவ்வொரு சுத்துலயும் கண்ணி லேசா வலப்பக்கம் நகரும். 15 சுத்து ஏறினா குதிகாலுக்கு நேர் மேலே இருக்க வேண்டிய இடம் எங்கேயோ போயிருக்கும். நான் எண்ணிக்கையை மட்டும் நம்பிட்டேன். பாதத்தோட நடுவுல ஒரு சிவப்பு நூலைக் குத்தி வெச்சு, முழங்கால் வந்ததும் கண்ணால பார்த்து அதுக்கு நேரா தொடங்கணும். நீங்க பின்னினா எண்ணாதீங்க, பாருங்க.

அக்கா அழுதாளா சிரிச்சாளான்னு எனக்கு இன்னைக்கும் தெரியலை. நூலை இழுத்தேன். ரெண்டு காலும் அஞ்சு நிமிஷத்துல உருண்டையா என் மடியில கிடந்துச்சு. அம்முவோட காலுக்கு எத்தனை வாரம் மாவுக்கட்டு போட்டாங்க!

மறுபடி ஆரம்பிச்சேன். தொடை சேர்ற இடத்துல மட்டும் ரெண்டு சுத்துக்கு ரெக்ரான் பஞ்சு அடைக்காம விட்டு, தட்டையா தைச்சேன். கீல் மாதிரி ஆடும். பட்டை மாட்டினா ஒத்தைக் காலை உதைக்க முடியாது, ரெண்டையும் சேர்த்துத்தான் உதைக்கணும். சிண்டுவும் அப்படி உதைக்கணும்ல! பட்டன் கண்ணுக்குப் பதிலா கறுப்பு நூல்ல கண்ணு. சின்ன ஊசியில இறுக்கிப் பின்னின ஷூ, நடுவுல விறைப்பா ஒரு பட்டை.

சனிக்கிழமை கோயம்புத்தூர்ல பஸ் ஏறி திண்டுக்கல் போனேன். அம்மு சிண்டுவை வாங்கினா. ஷூவைப் பார்த்தா. கழட்டி என் மூஞ்சியில எறிஞ்சா!

அன்னிக்கு ராத்திரியும் அழுகைதான். மறுநாளும்தான். ஹாஸ்டலுக்கு வந்து நாலு நாள் கழிச்சு அக்கா ஒரு வீடியோ அனுப்பினா. அம்மு சிண்டுவுக்கு ஷூ மாட்டுறா, தலைகீழா. ''அழக் கூடாது''ன்னு விரல் நீட்டி மிரட்டுறா. அப்புறம் தன் காலை அக்காகிட்ட நீட்டுறா. தினமும் இப்படி இல்லை, வாரத்துல ரெண்டு மூணு நாள் இன்னும் ரகளைதான்னு அக்கா சொன்னா.

நேத்து திரும்பவும் போன். கழட்டி மாட்டிக் கழட்டி மாட்டி, சிண்டுவோட இடது குதிகால் பிஞ்சுடுச்சாம். பொம்மை பார்சல்ல வந்துட்டு இருக்கு. திங்கக்கிழமை மாடல் எக்ஸாம்!