ஒரு விளக்குக்கு ஒரு ரெசிஸ்டர்

எல்.ஈ.டி. விளக்குக்குத் தன்னடக்கம் கிடையாது. பழைய குண்டு பல்பு சூடேறினால் அதன் மின்தடையும் ஏறும். ஓர் அளவோடு தானே நின்றுகொள்ளும். சிவப்பு எல்.ஈ.டி. அப்படியல்ல. ஏறக்குறைய 2 வோல்ட் வரை சும்மா இருக்கும், அதற்கு மேல் கொஞ்சம் கொடுத்தாலும் கிடைக்கிற மின்னோட்டத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

என் மனைவிக்கு இப்போது காது மந்தம். வாசல் மணியை அழுத்தினால் சமையலறையில் சிவப்பு, கூடத்தில் பச்சை, படுக்கையறையில் நீலம் என்று விளக்கு மின்ன வேண்டும். பேரன் தன் ஆர்டினோ ஊனோ பலகையில் செய்து தருகிறேன் என்றான். விளக்கை நேராகப் பலகையின் காலில் செருகி, "எரியுதே தாத்தா, எதுக்கு ரெசிஸ்டர்?" என்றான்.

எரியும்தான். சிப்பின் உள்ளேயே கொஞ்சம் தடை இருப்பதால் உடனே கருகாது, அதுதான் ஏமாற்று. அந்தக் காலிடம் 20 மில்லி ஆம்பியர் கேட்கலாம்; 40 தாண்டவே கூடாத எல்லை. நேராகச் செருகினால் அதையும் தாண்டிவிடும். பொம்மைக்கென்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இதில் விளக்கு மின்னவில்லை என்றால் யாரும் வரவில்லை என்றுதான் அவள் நினைப்பாள். மணி கெட்டுப்போனதே வீட்டில் யாருக்கும் தெரியாது.

கணக்கு சின்னது. 5 வோல்ட்டில் விளக்குக்கு 2 போக மீதி 3. அதை 220 ஓமால் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் வோல்ட்டேஜை 'யூ' என்று எழுதுவோம், அவன் புத்தகத்தில் 'வி'. பிரெஞ்சில் இந்த ரெசிஸ்டருக்கும், ஹிட்லர் படையை எதிர்த்த ரகசிய இயக்கத்துக்கும் 'ரெஸிஸ்டான்ஸ்' என்று ஒரே பெயர் என்றேன். கணக்கைவிட அதுதான் அவனுக்குப் பிடித்தது.

"சரி, மூணையும் சேர்த்து ஒரே காலில் ஒரே ரெசிஸ்டர் போடட்டுமா?" அதுவும் ஆகாது. நீலத்துக்கு 3 வோல்ட் அளவு வேண்டும். சிவப்பு 2 வோல்ட்டிலேயே எரியத் தொடங்கி, மற்றதுக்கு மேலே ஏறவிடாது. பந்தியில் முதலில் உட்கார்ந்தவரே பாயசத்தை முடித்த கதை. சமையலறையில் மட்டும் வெளிச்சம் வரும், படுக்கையறை இருட்டாகவே கிடக்கும். கால் 8, 9, 10 என மூன்று விளக்குக்கும் தனித்தனிக் கால், தனித்தனி ரெசிஸ்டர் என்று வைத்தோம். சிப் முழுவதற்குமான எல்லை 200 மில்லி ஆம்பியர். இது அதில் கால் பங்குகூட இல்லை.

விளக்கின் நீளக் கம்பி பிளஸ். கம்பியை வெட்டிவிட்டால் விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ். சிவப்பு, சிவப்பு, பழுப்புப் பட்டை இருந்தால் 220 ஓம். என் கண்ணுக்குப் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத் தெரிவதால் மீட்டர் வைத்தே பார்க்கிறேன். படுக்கையறை நீலத்துக்கு மட்டும் பிறகு 1,000 ஓம் மாற்றினோம். இருட்டில் 220 போட்ட வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று அவளே சொன்னாள்.