மூதாதை இல்லாத விலங்குகள்

வேற்றுக்கிரக விலங்குகளைப் படைத்துப் பிழைப்பவன் நான். சிறுவர்களுக்கு அறிவியல் கதைகள் எழுதுகிறேன். அவற்றுக்கான படங்களையும் நானே வரைகிறேன். அந்த விலங்குகளைப் பற்றி வாசகர்களிடம் பல ஆண்டுகளாகப் பொய் சொல்லி வந்திருக்கிறேன். கற்பனையைச் சொல்லவில்லை. கதையில் கற்பனை இருக்கும் என்பது படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். கைபோன போக்கில் ஓர் உருவத்தை வரைந்துவிட்டு, அதன் கீழே ‘இக்கிரகத்தின் சூழலுக்கேற்ப இவ்விலங்கு இவ்வாறு பரிணமித்தது’ என்று எழுதினேனே, அதைத்தான் பொய் என்கிறேன். பரிணாமத்தைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்காமல் எழுதிய வரி அது.

கோயில் தூண்களில் யாளியைச் செதுக்கிய சிற்பிகளும் சிங்க உடலில் யானைத் துதிக்கையைச் சேர்த்தார்கள். ஆனால் அது எந்தக் காட்டில், எந்த விலங்கின் வழியில் வந்தது என்று அவர்கள் கல்வெட்டு வைக்கவில்லை. நான் வைத்தேன்.

என் விலங்குகளில் அதிகம் பேசப்பட்டது நிழலூரி. எப்போதும் இருள் சூழ்ந்த, பூமியைப்போல் இரு மடங்கு ஈர்ப்புள்ள ஒரு கிரகத்தில் அதை வாழவைத்தேன். யானை அளவு உடல், ஆறு கால்கள், முதுகில் இரண்டு தோல் சிறகுகள், நெற்றியில் ஒளிரும் ஒரு கொம்பு. அட்டைப்படத்தில் அது பறந்தது. பிள்ளைகள் அதைத் தங்கள் நோட்டுப் புத்தகங்களில் வரைந்து அனுப்பினார்கள்.

அது பறக்க முடியாது என்பது முதல் குற்றம். உருவம் மாறாமல் ஒரு விலங்கின் நீளம் இரு மடங்கானால் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகிவிடும். 1638-இல் கலிலியோ எழுதி வைத்த கணக்கு இது. பூமியில் பறந்தவற்றில் மிகப் பெரியவை கெட்சால்கோட்லஸ் போன்ற டெரோசர்கள். சுமார் 10 மீட்டர் சிறகு விரிப்பு இருந்தும் அவற்றின் எடை யானை எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரு மடங்கு ஈர்ப்பில் யானையைப் பறக்கவிட்டவன் இதையெல்லாம் அறியாதவன் அல்ல. கல்லூரியில் விலங்கியல் படித்தவன்.

இரண்டாவது குற்றம், நிழலூரிக்குத் தின்ன எதுவுமில்லை. கதை நெடுக அது வேட்டையாடியது, ஆனால் வேட்டைக்கு மனிதர்களைத் தவிர வேறு உயிரே அந்தக் கிரகத்தில் இல்லை. விண்கலம் வந்து இறங்குவதற்கு முன்பு அது எதைத் தின்று உயிர் வாழ்ந்தது? வெளிச்சமில்லாத உலகில் எந்தச் செடி வளர்ந்தது, எந்த இரை அந்தச் செடியைத் தின்றது? நிழலூரிக்குக் குட்டி இல்லை, துணை இல்லை, உடம்பில் ஓர் உண்ணிகூட இல்லை. ஒரு கொலைகார விலங்கை வெற்று மேடையில் நிறுத்தி அதற்குக் கிரகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

இவ்விரண்டையும் அவசரத்தின் மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். மூன்றாவதில் அது முடியாது. கொம்பைப் பற்றி நான் எழுதிய வாக்கியம் இது: ‘இருட்டில் வாழ வேண்டியிருந்ததால் நிழலூரியின் நெற்றியில் ஒளிக்கொம்பு முளைத்தது.’ தேவைப்பட்டதால் முளைத்தது! எட்டி எட்டி இலை தின்றதால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது என்று இன்றும் பலர் நம்புகிறார்களே, அந்த நம்பிக்கைக்கு நான் அட்டைப்படம் போட்டுக் கொடுத்தேன். இயற்கைத் தேர்வில் தேவை எதையும் முளைக்கவைப்பதில்லை. பிறக்கும் குட்டிகளுக்குள் சிறு சிறு வேறுபாடுகள் முதலில் வருகின்றன, காரணம் கேட்காமல் வருகின்றன. அவற்றில் உதவுவது அதிகம் பிழைத்து அதிகம் பெருகுகிறது. உதவி செய்யக்கூடிய எத்தனையோ உறுப்புகள் எந்த உயிரிலும் வந்ததேயில்லை, தொடக்கத்துக்கான வேறுபாடு அங்கே அமையவில்லை. டார்வினின் கருத்தின் உயிர்நாடி இதுதான். பள்ளிப் பிள்ளைகளிடம் நான் இதைத் தலைகீழாகக் கொண்டு சேர்த்தேன்.

ஒரு விலங்கை நம்பவைப்பது அதன் வலிமையோ பொருத்தமோ அல்ல, அது சுமந்துவரும் பழைய கணக்கு. நம் உடம்பையே பார்க்கலாம். 2004-இல் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் நீல் ஷூபினும் அவர் குழுவினரும் டிக்டாலிக் என்ற மீனின் புதைபடிவத்தை எடுத்தார்கள். சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழமையானது. அதன் துடுப்புக்குள் மேற்கை எலும்பும் முன்கை எலும்புகளும் மணிக்கட்டுக்கு இணையான எலும்புகளும் இருந்தன. மார்பில் ஓர் இணை, இடுப்பில் ஓர் இணை என்று அந்த வழி மீன்களுக்கு இருந்த இரண்டு இணைத் துடுப்புகள்தான் தவளைக்கும் பல்லிக்கும் மாட்டுக்கும் நமக்கும் நான்கு உறுப்புகளாக நிற்கின்றன. பாம்பு அவற்றை இழந்தது. ஐந்தாவது ஆறாவது கால்களை யாரும் புதிதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. பறக்க வந்த முதுகெலும்பிகள் ஒவ்வொன்றும் ஒரு ஜோடிக் கையை விலையாகக் கொடுத்தன. பறவை முன்கையைக் கொடுத்தது. வௌவால் விரல்களை நீட்டி அவற்றினிடையே தோலைக் கட்டியது. டெரோசர் நான்காம் விரல் ஒன்றிலேயே சிறகைத் தொங்கவிட்டது. பூச்சிகளின் கதை வேறு. என் நிழலூரியோ ஆறு கால்களையும் வைத்துக்கொண்டு மேலும் இரண்டு சிறகுகளை இலவசமாக வாங்கிக்கொண்டது.

குரல்வளைக்குப் போகும் நரம்பு இன்னும் நல்ல சாட்சி. மூளையிலிருந்து வரும் அந்த நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போகாது. மார்புக்குள் இறங்கி, இடப்பக்கத்தில் இதயத்தின் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்தில் ஏறும். மீன் உடம்பில் அது நேர்வழிதான். கழுத்து தோன்றி நீண்டு இதயம் கீழே இறங்கியபோது நரம்பு தமனியில் மாட்டிக்கொண்டது. ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்றுப்பயணம் 4 மீட்டருக்கு மேல் போகிறது. எந்தப் பொறியாளரும் இப்படி ஒரு கம்பியை இழுக்கமாட்டார். என் விலங்குகள் எல்லாம் பொறியாளர் செய்தவை. எதிலும் வீணான ஒரு நரம்பு கிடையாது, பயனற்றுச் சுருங்கிய ஓர் எலும்பு கிடையாது. அவை செத்தவைபோல் இருந்ததற்கு இதுவே காரணம் என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

ஆனால் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அது உடனே புரிந்துவிட்டது. நிழலூரியைப் படித்துவிட்டு அவள் எழுதிய கடிதத்தில் பாராட்டு எதுவுமில்லை. கேள்வி மட்டும் இருந்தது: நிழலூரியின் தாத்தாவுக்கும் சிறகு இருந்ததா ஐயா? அதற்கு முன்னால் இருந்ததற்கு? ஒரு காலத்தில் பாதிச் சிறகு இருந்திருக்குமே, பாதிச் சிறகை வைத்துக்கொண்டு அது என்ன செய்தது?

கேள்வி எனக்குத் தெரியாததல்ல. 1871-இல் ஜார்ஜ் மிவார்ட் டார்வினுக்கு எதிராக எழுப்பிய கேள்வியின் சாரம் இதுதான். அரைகுறை உறுப்பால் என்ன பயன் என்று அவர் கேட்டார். மறு ஆண்டே, இயற்கைத் தேர்வை விளக்கிய தம் நூலின் ஆறாம் பதிப்பில் டார்வின் அவருக்கு விரிவாகப் பதில் சொன்னார். பாதிச் சிறகு பறப்பதற்காக இருக்க வேண்டியதில்லை, அதற்கு முன்பு வேறு வேலை இருந்திருக்கலாம். 1996-இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட சினோசரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரின் உடலில் தூவி போன்ற இழைகள் இருந்தன. அது பறக்கவில்லை. உடல் வெப்பத்தைக் காக்க அவை உதவியிருக்கலாம். இவ்வளவையும் அந்தப் பெண்ணுக்கு ஓர் இன்லாண்டு கடிதத்தில் எழுதியிருக்கலாம். நிழலூரிக்கு அப்படி ஒரு முற்காலத்தை நான் யோசிக்கவேயில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கலாம்.

நான் எழுதிய பதில் வேறு. ‘வேற்றுக்கிரகத்தில் நம் பூமியின் விதிகள் பொருந்தாது அம்மா. உன் கற்பனைக்கு நீயே வேலி போடாதே.’

முதல் வாக்கியம் தவறு. தன்னைப்போல் நகலெடுத்துக்கொள்ளும் எதிலும், அந்த நகல்களுக்குள் பெருக்கத்தைப் பாதிக்கும் வேறுபாடு இருந்து அது அடுத்த தலைமுறைக்கும் போகுமானால், தேர்வு நடந்தே தீரும். அதற்குப் பூமி தேவையில்லை. இரண்டாம் வாக்கியம் தவறைவிட மோசம். சரியாக யோசித்த ஒரு பிள்ளையிடம், யோசிக்கத் தெரியவில்லை என்று சொன்னேன். என் சோம்பலை அவளுடைய குறையாக மாற்றினேன். அவள் மறுபடி எழுதவில்லை. என் எழுத்து வாழ்க்கையில் நான் செய்த எல்லாப் பிழைகளிலும் இதையே பெரிதாக எண்ணுகிறேன்.

இதற்குப் பிறகும் மேடைகளில் பிறரைக் குறை சொன்னேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009-இல் ‘அவதார்’ திரைப்படம் வந்தபோது, அதில் வரும் பண்டோரா உலகின் பெரும்பாலான விலங்குகளுக்கு ஆறு உறுப்புகளும் பலவற்றுக்கு நான்கு கண்களும் இருக்க, அங்கு வாழும் மனிதர் போன்ற நாவிகளுக்கு மட்டும் நமக்கு இருப்பதுபோல் நான்கு உறுப்புகளும் இரண்டு கண்களும் எப்படி வந்தன என்று கைதட்டல் வாங்கும்படி கேட்டேன். கேள்வி நியாயமானது; நாவிகளின் உருவம் காதல் கதைக்காகச் செய்த சமரசம். ஆனால் அந்தக் கலைஞர்கள் சும்மா இருந்துவிடவில்லை. காட்டுக்குள் சில நொடிகள் மட்டும் தெரியும் ப்ரோலெமூரிஸ் என்ற குரங்கு போன்ற விலங்கின் மேற்கைகள் ஒட்டிப்போய், முழங்கைக்குக் கீழேதான் இரண்டாகப் பிரிகின்றன. ஆறு எப்படி நான்காகியிருக்கும் என்பதற்கு ஒரு சித்தப்பன் முறை உறவையாவது வரைந்து வைத்தார்கள். என் ஏட்டில் அந்த அளவுக்குக்கூட நேர்மை இல்லை.

டூகல் டிக்சனின் ‘ஆஃப்டர் மேன்’ நூல் (1981) என் மேசையில்தான் இருந்தது. மனிதன் இல்லாமல்போய் 5 கோடி ஆண்டுகள் கழிந்த பூமியின் விலங்குகளை அவர் அதில் படைத்தார். எலிகளின் வழித்தோன்றல்கள் ஓநாய்களின் இடத்தைப் பிடிக்கின்றன. முயல்களின் வழித்தோன்றல்கள் மான்களைப்போல் மேய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பாட்டன் யார் என்று கேட்டால் பதில் இருக்கிறது. படங்களின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பதில்களைத் தாண்டிப் போய்விட்டேன்.

என்னைத் திருப்பியது ஒரு கற்பனை விலங்கல்ல, ஹாலுசிஜீனியா என்ற உண்மையான விலங்கு. கனடாவின் பர்ஜஸ் ஷேல் பாறையில் சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த, விரல் நீளம்கூட இல்லாத புழு போன்ற உயிர். 1977-இல் சைமன் கான்வே மோரிஸ் அதற்கு இந்தப் பெயரை வைத்தபோது, அது கூர்முட்களைக் கால்களாக ஊன்றி நடந்தது, முதுகில் குழல்கள் ஆடின என்று விளக்கினார். கனவில்தான் காணக்கூடிய உருவம் என்பதால்தான் அந்தப் பெயர். 1991-இல் சீனாவின் செங்ஜியாங் படிவங்களை வைத்து ராம்ஷெல்டும் ஹோ சியான்குவாங்கும் விலங்கையே புரட்டிப் போட்டார்கள்: முட்கள் முதுகின் காவல், குழல்கள்தான் கால்கள். 2015-இல் மார்ட்டின் ஸ்மித்தும் ஷான் பெர்னார் கரோனும் முன்பின்னையும் திருத்தினார்கள். தலை என்று நினைத்த உருண்டை, அழுகும்போது உடலிலிருந்து வழிந்த திரவத்தின் கறை. உண்மையான தலை மறுமுனையில், இரண்டு சிறு கண்களோடு இருந்தது. கடைசியில் அது வெல்வெட் புழுக்களின் பழைய சொந்தம் என்றானது. நம் அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பகுதியிலும் அந்தப் புழு இனம் ஒன்று இன்றும் வாழ்கிறது.

அந்த வரலாற்றைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. விஞ்ஞானிகள் பல்லாண்டுகள் பாடுபட்டு ஒரு விசித்திரத்துக்கு உறவினரைத் தேடிக் கொடுத்தார்கள். உறவு தெரிந்ததும் அந்த உயிர் குறைந்துபோகவில்லை. அதன் ஒவ்வொரு காலுக்கும் நகத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. உறவே இல்லாமல் வைத்திருப்பதைத்தான் நான் கற்பனைவளம் என்று எண்ணியிருந்தேன்.

இப்போது அடியிலிருந்து தொடங்க முயல்கிறேன். வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனி ஓட்டுக்குக் கீழே கடல் இருப்பதற்கான சான்றுகள் வலுவானவை. அதை மனத்தில் வைத்து ஒரு கடலை எழுதுகிறேன். முதலில் உணவு எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்தேன். 1977-இல் கலாபகோஸ் அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டபோது, வாயும் குடலும் இல்லாத பெரிய குழாய்ப் புழுக்களும் கிடைத்தன. உடலுக்குள் வாழும் பாக்டீரியாக்கள் ஊற்றின் வேதிப்பொருள்களிலிருந்து அவற்றுக்கு உணவு செய்கின்றன. அதுபோன்ற ஒன்றை என் கடலின் அடித்தட்டில் வைத்தேன். பிறகு அதை மேய்பவை, மேய்பவற்றைத் தின்பவை. வேட்டை விலங்குக்கு முன்பாக அதன் மூன்று மூதாதைகளை வரைந்தேன். நடுவிலிருக்கும் மூதாதை அசிங்கமாக இருக்கிறது, அதை மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

அப்படியிருந்தும் வேட்டை விலங்குக்கு முகத்தில் இரண்டு பெரிய கண்களை வரைந்துவிட்டேன். வெளிச்சமே நுழையாத கடலில்! அதன் மூதாதைகள் மூன்றிலும் கண் இல்லை. வரைந்த பிறகு காரணம் தேடினேன், கிடைத்தும்விட்டது. அட்லாண்டிக் நடுக்கடல் ஊற்றுகளில் வாழும் ரிமிகாரிஸ் என்ற இறாலின் முதுகில் ஒளியுணரும் உறுப்பு ஒன்றை 1989-இல் சிண்டி வான் டோவர் குழுவினர் விவரித்தார்கள். ஊற்றிலிருந்து வரும் மிக மங்கலான ஒளியை அது உணரக்கூடும். அடிக்குறிப்பு எழுதத் தொடங்கிய பிறகுதான் நான் செய்வது என்னவென்று உறைத்தது. அந்த இறாலின் உறுப்புக்கு வில்லை இல்லை, அது உருவங்களைக் காட்டாது, அது முகத்திலும் இல்லை. நான் வரைந்த கண்களுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. முகம் இருந்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதற்காக வரைந்தேன். காரணத்தைப் பிறகு பிடித்து வந்தேன். நிழலூரிக்குச் செய்ததையே மறுபடி செய்தேன், இம்முறை அடிக்குறிப்போடு.

கண்களை எடுத்துவிட்டேன். ஒளியுணரும் ஒரு மங்கிய பட்டையை முதுகில் வைத்து, இரண்டாம் மூதாதையிலேயே அதன் தொடக்கத்தையும் காட்டியிருக்கிறேன். முகமில்லாத விலங்கு அட்டைக்கு ஆகாது என்று பதிப்பகத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள். முகத்தை மறுபடி வைக்க நான் சம்மதிக்கப்போவதில்லை. அட்டையில் வேறு எதையாவது போட்டுக்கொள்ளட்டும். பழைய நூலின் அடுத்த பதிப்பில் ‘பரிணமித்தது’ என்று வருகிற எல்லா இடங்களையும் நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மாணவியின் கேள்வியை, பெயரைச் சொல்லாமல், முன்னுரையில் அப்படியே அச்சிடவும் கேட்டிருக்கிறேன். அதன் கீழே, நிழலூரிக்கு மூதாதை யாரும் இல்லை, அதை நான் வெறுமனே வரைந்தேன் என்ற பதிலையும்.