உலை காத்தவரின் இடத்தில் ஒரு கடிகாரம்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1995இல் ஒரு சிறிய கருவிக்குத் தன் ‘எனர்ஜி ஸ்டார்’ சிக்கன முத்திரையை வழங்கியது. குளிர்நாட்டு வீடுகளின் சுவரில் மாட்டப்படும் புரோகிராமபிள் தெர்மோஸ்டாட் அது. எந்த நேரத்தில் வீடு எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்துவிட்டால், சூடேற்றியை அதுவே இயக்கும், அதுவே நிறுத்தும். வீட்டார் தூங்கும்போதும் வெளியே போயிருக்கும்போதும் வீடு முழுச் சூட்டில் இருக்கத் தேவையில்லை. அந்த அளவுக்கு எரிபொருள் மிச்சம். ஆனால் 2009 டிசம்பர் 31உடன் அந்த முத்திரையை முகமை விலக்கிக்கொண்டது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அது மாட்டப்பட்ட வீடுகளில் எதிர்பார்த்த மிச்சம் கிடைக்கிறது என்று காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். சொன்ன வேலையைச் சரியாகச் செய்யும் ஒரு பொருள் வீட்டுக்குள் வந்ததும் ஏன் பயனற்றுப் போகிறது? பொத்தான்கள் சிக்கலாக இருப்பதால் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அதில் உண்மை உண்டு. ஆனாலும் எனக்கு அது போதவில்லை. இந்தக் கருவி யாருடைய எந்தக் கஷ்டத்தைத் தீர்க்கப் பிறந்தது என்று தெரிந்தால் கூடுதலாக ஏதாவது விளங்கும் என்று நினைத்து, அதன் வரலாற்றைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனேன்.

சூட்டைத் தானே சமன்செய்துகொள்ளும் கருவி என்று தேடினால் பாதை பதினேழாம் நூற்றாண்டுவரை போகிறது. நெதர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய கோர்னேலிஸ் டிரெபெல், முட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்றை அமைத்தார். உள்ளே சூடு கூடினால் ஆல்கஹால் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் காற்றுவழியின் மூடியை அசைக்கும், நெருப்பு அடங்கும். 1830இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர், இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டி, சூட்டில் அவை வெவ்வேறு அளவில் விரிந்து வளைவதைப் பயன்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இவர்களிடமிருந்தே தொடங்குவதுதான் நூல்களில் வழக்கம். ஆனால் நான் தேடியது இதுவல்ல. டிரெபெலின் முட்டைகளுக்கு இரவும் பகலும் ஒன்றுதான், அவற்றுக்கு வேண்டியது மாறாத சூடு. வீட்டுத் தெர்மோஸ்டாட்டில் பதியும் அட்டவணைக்கு உயிர் நேரத்தில் இருக்கிறது. ஒரே அறை இரவில் ஒரு சூட்டிலும் விடியலில் வேறொரு சூட்டிலும் இருக்க வேண்டும் என்ற விருப்பம் எப்போது கருவியானது என்பதே என் கேள்வி.

அதற்கு அமெரிக்காவின் கடுங்குளிர் மாநிலங்களுக்குப் போக வேண்டியிருந்தது. விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்ற பேராசிரியர் இருந்தார். கட்டடத்தின் உலை நிலவறையில். வகுப்பறை எத்தனை சூட்டில் இருக்கிறது என்று பார்க்கப் பணியாளர் அறை அறையாக ஏறி வர வேண்டும், பிறகு கீழே இறங்கிப் போய்க் காற்றுவழியின் மடலைத் திறக்கவோ மூடவோ வேண்டும். ஒவ்வொரு முறையும் பாடம் தடைபடும். 1883இல் ஜான்சன் காப்புரிமை பெற்ற மின்கருவி, அறையின் நிலையை நிலவறைக்கு அறிவித்தது. மடலைத் திருப்புவது அப்போதும் பணியாளரின் கைதான். அவருடைய படியேற்றம் மட்டும் குறைந்தது. மினியாபொலிஸ் நகரில் ஆல்பர்ட் பட்ஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1885இல் அடுத்த அடியை வைத்தார். அறை குளிர்ந்ததும் மின்சுற்று மூடும், ஒரு சிறு மோட்டார் அரைச்சுற்றுச் சுற்றிச் சங்கிலியை இழுக்கும், உலையின் காற்று மடல் திறக்கும், நெருப்பு கிளர்ந்தெழும். வேண்டிய சூடு வந்ததும் இன்னொரு அரைச்சுற்று, மடல் மூடிவிடும். பட்ஸின் காப்புரிமையை வைத்து வளர்ந்த நிறுவனம் கைமாறிப் பெயர்மாறி, 1927இல் இண்டியானாவைச் சேர்ந்த மார்க் ஹனிவெல்லின் நிறுவனத்தோடு இணைந்து, இன்று ஹனிவெல் என்று அறியப்படுகிறது. பட்ஸின் வழிவந்த அந்த நிறுவனம்தான், இணைப்புக்கு முன்பே, 1906இல் தெர்மோஸ்டாட்டோடு கடிகாரத்தைச் சேர்த்தது. இரவில் சூட்டை இறக்கி, காலையில் ஏற்றும் கருவி. நான் தேடிய பிறப்பிடம் இதுதான்.

அந்தக் கடிகாரம் எதை மாற்றியது என்பதை அறிய, நிலக்கரி வீட்டின் இரவை நினைத்துப் பார்க்க வேண்டும். படுக்கப் போகும்முன் வீட்டில் ஒருவர் நிலவறைக்கு இறங்குவார். கங்குகளைச் சாம்பலால் மூடி, காற்றுவழியை அடைத்து, விடியும்வரை நெருப்பு அணையாமல் மெல்லக் கனன்றுகொண்டிருக்கும்படி செய்துவிட்டு வருவார். இரவெல்லாம் வீடு ஆறிக்கொண்டே போகும். விடியுமுன் அதே ஆள் எழுந்து, உறைந்த வீட்டில் கீழே இறங்கி, சாம்பலை உதிர்த்து, காற்றைத் திறந்து, கரி போட்டு நெருப்பை எழுப்ப வேண்டும். மற்றவர்கள் போர்வைக்குள் இருப்பார்கள். கடிகாரம் சேர்ந்த பிறகும் கரி அள்ளும் வேலை ஒழியவில்லை, அதைச் செய்ய மனிதக் கைதான் வேண்டும். ஆனால் யாரும் எழுவதற்கு முன்பே மடல் திறந்து, கனன்றுகொண்டிருந்த கங்கு எரியத் தொடங்கிவிடும். அவர் எழும்போது வீடு சூடேறியிருக்கும்.

இங்கேதான் என் வாதத்தின் முதல் கண்ணி கிடைத்தது. நிலக்கரி வீட்டில் இரவுக் குளிர் ஏற்கெனவே இருந்தது. அதைக் கடிகாரம் கொண்டுவரவில்லை. கடிகாரம் புதிதாகக் கொடுத்தது விடியற்காலைச் சூட்டை. இன்று நாம் சேமிப்புக்காகச் செய்யச் சொல்லும் இரவு இறக்கம், அன்று நெருப்பின் இயல்பாகவே நடந்தது. ஆகவே 1906இல் அந்தக் கருவியை மாட்டிய குடும்பம் எதையும் இழக்கவில்லை. ஒரு சுகத்தைப் பெற்றது, ஒரு மனிதரின் தூக்கத்தைப் பெற்றது. கரி மிச்சமாவதும் அன்றைக்கே ஒரு நன்மையாகக் கருதப்பட்டிருக்குமே என்று கேட்கலாம். ஒழுங்காகக் கட்டுப்படுத்திய நெருப்பு கரியை வீணாக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த மிச்சம் மடலைத் திறந்து மூடும் பகுதியிலிருந்து வருவது, கடிகாரத்திலிருந்து வருவதல்ல. நேரத்தைச் சேர்த்ததன் பொருள் வேறு.

பிறகு எரிபொருள் மாறியது. எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் வீட்டுக்குள் வந்தன. சாம்பல் போயிற்று, கரி அள்ளுவதும் போயிற்று. உலை தானே பற்றிக்கொண்டு தானே அணைந்தது. 1953இல் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைப்பில் ஹனிவெல் கொண்டுவந்த வட்டத் தெர்மோஸ்டாட் இந்தக் காலத்தின் சின்னம். சுருள் உலோகப் பட்டை ஒன்று, அதன்மேல் பாதரசம் அடைத்த சிறு கண்ணாடிக் குமிழ், சுற்றிலும் திருகும் வளையம். அழகான பொருள் என்றே சொல்வேன்; பயன்பாட்டுக் கருவிகளில் இவ்வளவு தெளிவானது அரிது. அதில் கடிகாரம் இல்லை என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. காலையில் எழுந்து உலையை எழுப்ப வேண்டியவரே இல்லாமல் போன பிறகு, அவருக்குப் பதிலாக ஒரு கடிகாரம் எதற்கு? எரிவாயு வீட்டில் எதுவும் செய்யாமல் விட்டால் இரவு முழுவதும் அதே சூடு நிலைக்கும். இயல்புநிலை தலைகீழாகிவிட்டது. முன்பு ஆள் தலையிடாவிட்டால் வீடு குளிரும். இப்போது ஆள் தலையிட்டால்தான் குளிரும்.

இந்த நிலையில்தான் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1973 நவம்பரில் அதிபர் நிக்சன், பகல்நேரச் சராசரி 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 20 செல்சியஸுக்கு, வரும்படி தெர்மோஸ்டாட்டை இறக்கச் சொன்னார். 1977 பிப்ரவரியில் அதிபர் கார்ட்டர் கம்பளிச் சட்டையோடு தொலைக்காட்சியில் தோன்றி, பகலில் 65, இரவில் 55 ஃபாரன்ஹீட் போதும் என்று கேட்டுக்கொண்டார். செல்சியஸில் சுமார் 18உம் 13உம். மின்னணுத் தெர்மோஸ்டாட்டுகள் பரவியபோது, இந்த வேண்டுகோளை நாள்தோறும் நிறைவேற்றும் பொறுப்பு அவற்றின் மேல் விழுந்தது. 1906இன் கடிகாரம் மறுபடியும் சுவருக்கு வந்தது. ஆனால் இம்முறை அது சூட்டைக் கொடுக்க வரவில்லை, எடுக்க வந்தது. அதே கருவி, அதே இரு வெப்பநிலைகள்; எரிபொருள் மாறியதால் பொருள் நேர்மாறாகிவிட்டது. சுகமாகப் பிறந்த ஒன்றைக் கட்டுப்பாடாக விற்றோம். அதனால்தான் வீட்டார் அதைக் கைவிட்டார்கள் என்பது என் முடிவு.

வீடுகளில் என்ன நடக்கிறது என்பதற்குச் சான்றுகள் வலுவாகவே உள்ளன. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையரும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், விடையளித்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாரநாளுக்கோ வார இறுதிக்கோ அட்டவணை பதிவதே இல்லை, அல்லது மிக அரிது என்றார்கள். தங்கள் தெர்மோஸ்டாட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னபோது, சுமார் 20 விழுக்காட்டுக் கருவிகள் தவறான நேரத்தைக் காட்டின. ஏறக்குறைய பாதிப் பேர் ‘ஹோல்ட்’ பொத்தானை அழுத்தி, அட்டவணையை நிரந்தரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பெரும்பாலான கருவிகளைத் தேர்ந்தெடுத்தது அங்கே குடியிருப்பவரே அல்ல. முன்பு இருந்தவர், வீட்டு உரிமையாளர் அல்லது வேறு யாரோ. இதற்கும் முன்பே, 1986இல், வில்லெட் கெம்ப்டன் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் கவனித்திருந்தார். பலர் தெர்மோஸ்டாட்டைக் காஸ் அடுப்பின் திருகுபோல எண்ணுகிறார்கள்: அதிகம் திருப்பினால் வேகமாகச் சூடேறும் என்று. சாதாரண உலை ஒரே வேகத்தில்தான் எரியும். டிகிரியைக் கூட்டினால் கூடுதல் நேரம் எரியும், அவ்வளவே. சீக்கிரம் குளிர வேண்டும் என்று ஏ.சி.யை 16இல் வைக்கும் நம் ஊர்ப் பழக்கத்தின் பின்னால் இருப்பதும் இதே எண்ணம். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏ.சி.க்களின் தொடக்க அமைப்பு 24 டிகிரியாக இருக்க வேண்டும் என்று விதி வந்திருப்பது, பெரும்பாலோர் தொடக்க அமைப்பிலேயே விட்டுவிடுவார்கள் என்ற சரியான கணிப்பினால்தான்.

ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆறிய வீட்டைத் திரும்பச் சூடேற்றச் செலவாகும் எரிபொருள், இறக்கியதால் வந்த மிச்சத்தைத் தின்றுவிடாதா? பலர் உறுதியாக நம்பும் இது பெரும்பாலும் தவறு. வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வீடு குளிர்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பு குறைவு. காலையில் திரும்பக் கொடுப்பது, இரவில் கொடுக்காமல் விட்டதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒட்டாவாவில் ஒரே மாதிரியான இரட்டை வீடுகளை அருகருகே கட்டி, ஒன்றில் இறக்கியும் மற்றதில் இறக்காமலும் கனடா ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள்; இறக்கிய வீட்டில் எரிவாயு குறைவாகவே செலவானது. நாளுக்கு எட்டு மணி நேரம் 7 முதல் 10 ஃபாரன்ஹீட் இறக்கினால் ஆண்டுச் செலவில் 10 விழுக்காடுவரை மிச்சமாகலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஆனால் மறுப்பு செல்லுபடியாகும் இடம் ஒன்று இருக்கிறது: வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கடத்தும் ஹீட் பம்ப். பெரிய இறக்கத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறச் சொன்னால், அதனுள் இருக்கும் துணை மின்சுருள்கள் எரியத் தொடங்கி மிச்சம் கரைந்துபோகலாம். அங்கே சிறிய இறக்கமோ, ஹீட் பம்புக்கென்றே அமைந்த தெர்மோஸ்டாட்டோதான் பொருந்தும். ஆகவே பௌதிகம் கருவியின் பக்கம். சிக்கல் முழுவதும் மனிதர்களின் பக்கம்.

இன்னொரு மறுப்பு காலத்தால் வந்தது. டோனி ஃபாடெலும் மேட் ராஜர்ஸும் தொடங்கிய நிறுவனம் 2011இல் கொண்டுவந்த நெஸ்ட், வீட்டார் திருகுவதைப் பார்த்துத் தானே அட்டவணையைக் கற்றுக்கொள்ளும். 2014இல் கூகுள் அந்த நிறுவனத்தை 320 கோடி டாலருக்கு வாங்கியது. இனி யாரும் எதையும் பதிய வேண்டாம் என்றால் என் வாதம் பழங்கதை ஆகிவிடாதா? அப்படித் தோன்றவில்லை. கற்றுக்கொள்ளும் கருவி வீட்டாரின் பழக்கத்தைத்தான் கற்கும். இரவிலும் 22இல் வைப்பவரிடமிருந்து 22ஐயே கற்கும். எனர்ஜி ஸ்டார் முகமையும் பாடம் படித்திருக்கிறது. இணையத்தோடு இணைந்த தெர்மோஸ்டாட்டுகளுக்கு முத்திரை திரும்பி வந்தபோது, கருவியில் என்ன வசதி இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், வீடுகளில் அது ஓடியதன் தரவைக் கேட்டார்கள்.

இந்த வரலாற்றுக்கு உண்மையாக இருப்பதென்றால், தெர்மோஸ்டாட்டை மாட்டும் வேலையில் நாம் அழுத்தம் தரும் இடம் மாற வேண்டும். கம்பிகள் கடினமல்ல. வழக்கமான அமைப்பு 24 வோல்ட் மின்சாரத்தில் ஓடுகிறது. ஆர் முனை மின்சாரம் வரும் வழி, டபிள்யூ சூடேற்றி, ஒய் குளிரூட்டி, ஜி காற்றாடி, சி பொதுக்கம்பி. பழைய கருவியைக் கழற்றும்முன் உலையின் மின்சாரத்தை நிறுத்தி, எந்தக் கம்பி எந்த எழுத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. பழையது பாதரசக் குமிழ் உள்ளதென்றால் குப்பையில் போடாமல் அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். சுவரோர மின்சூடேற்றிகள் 120 அல்லது 240 வோல்ட்டில் ஓடுபவை; அவற்றுக்கு இந்தக் கருவி ஆகாது, கை வைப்பது ஆபத்து. வெயிலோ விளக்கோ படாத உட்சுவரில், ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் மாட்டி, கம்பி வரும் துளையை அடைத்துவிட வேண்டும். சுவருக்குள்ளிருந்து வரும் காற்று கருவியை ஏமாற்றிவிடும். ஆனால் வழிகாட்டி நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இந்தப் பகுதியைவிட, அவை நாலு வரியில் கடந்துபோகும் பகுதிதான் பெரிது: யார் எப்போது எழுகிறார், யார் பகலில் வீட்டில் இருக்கிறார், யாருக்குக் குளிர் தாங்காது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் குளிர்காலத்தில் உள்வெப்பநிலை 18 செல்சியஸாவது இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. முதியவர்களும் நோயாளிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அதற்கும் மேலே வேண்டியிருக்கலாம். உலையைக் காத்த அந்த ஆளுக்கு இதெல்லாம் சொல்லாமலே தெரிந்திருந்தது, ஏனென்றால் அவரும் அதே வீட்டில் தூங்கி எழுந்தவர். டொராண்டோவிலும் அதன் ஸ்கார்பரோ பகுதியிலும் மேல்தளத்தில் ஒரு குடும்பமும் பேஸ்மென்டில் இன்னொரு குடும்பமுமாக, ஒரே ஃபர்னஸில் வாழும் தமிழர் பலர் உண்டு. தெர்மோஸ்டாட் மேலே இருக்கும். பகல் ஒன்பது மணிக்கு வீடு காலி என்று மேலே உள்ளவர் அட்டவணை பதியும்போது, இரவுப் பணி முடித்துத் திரும்பிய ஒருவர் கீழே அப்போதுதான் படுத்திருப்பார். அவரிடம் கேட்காமல் பதிந்த அட்டவணையைச் சேமிப்பு என்று கணக்கிட நான் ஒப்பமாட்டேன்.