பில்லின் ஓரத்தில் எழுதியது

2012-இல் சென்னைக்கே தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு. அப்போது பல்லாவரம் நகராட்சியில் இருந்த கீழ்க்கட்டளையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை நடத்திய ஒரு பெண்மணிக்கு அதனால் பிழைப்பே படுத்துவிட்டது. ஹால் டிக்கெட்டுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் ஆட்கள் காத்து நிற்கும் நேரத்தில்தான் கரண்ட் போகும். 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று வாங்கினார்.

"லேசர் பிரிண்டரும் இதுல போட்டுக்கலாமான்னு கேட்டுத்தான் சார் வாங்கினேன். தாராளமாப் போடுங்கன்னாங்க."

பிரிண்ட் கொடுத்த மறுகணம் யூ.பி.எஸ். அலறும், கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும். கொஞ்ச நாளில் யூ.பி.எஸ். செத்தது, பிரிண்டரும் படுத்தது. விற்ற கடையோ கையேட்டை நீட்டியது: லேசர் பிரிண்டரை இணைக்கக்கூடாது என்று பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

அந்த எச்சரிக்கை நியாயமானதுதான். லேசர் பிரிண்டரில் டோனர் பொடியைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் ஃபியூசர் என்ற உறுப்பு 200 டிகிரி செல்சியஸை நெருங்கிச் சூடாக வேண்டும். சூடேறும் ஒவ்வொரு முறையும் பல நூறு வாட்டை ஒரே இழுப்பில் இழுக்கும். பிரிண்டர் ஓடும்போது சில வீடுகளில் விளக்கு மங்குவதும் இதனால்தான். 600 வி.ஏ. என்று பெட்டியில் போட்டிருந்தாலும், அந்த ரக யூ.பி.எஸ். பொதுவாகத் தாங்குவது 360 வாட் அளவுதான்.

அவருக்காக நான் நடத்திய வழக்கு செங்கல்பட்டில், காஞ்சிபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில். எதிர்தரப்பு முதலில் எடுத்த ஆயுதம், கடைக்காக வாங்கியது வணிக நோக்கம், எனவே இவர் நுகர்வோரே அல்ல என்பது. அதற்குப் பதில் உச்ச நீதிமன்றத்தின் 1995 தீர்ப்பில் இருந்தது. லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் வாங்கிய இயந்திரம் பற்றிய வழக்கு அது. வாங்கியவர் தோற்ற வழக்கு என்பதால் எதிர்தரப்பு வக்கீலே அதை ஆவலோடு நீட்டினார். முழுதாகப் படித்திருக்க மாட்டார். தட்டச்சு இயந்திரம் வாங்கி, தானே தட்டச்சு செய்து பிழைப்பவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவர் இருந்தாலும் அந்தத் தகுதி போகாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. என் கட்சிக்காரர் கடையில் உதவிக்கு இருந்தது ஒரே ஒரு பெண்.

அடுத்து, பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். உற்பத்திக் குறை என்று நாங்கள் சொல்லவே இல்லை. பொருள் நல்ல பொருள்தான். எதற்கு உதவாதோ அதற்கு உதவும் என்று சொல்லி விற்றதுதான் எங்கள் புகார். அப்போது நடப்பில் இருந்த 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(1)(ஆர்) பிரிவு, பொருளைப் பற்றி வாயால் சொல்லும் பொய்யையும் நேர்மையற்ற வணிக நடைமுறையில் சேர்த்தது. ஆனால் வாயால் சொன்னதை எப்படி நிரூபிப்பது?

பில்லைத் திருப்பிப் பார்த்தேன். விற்பனைப் பையன் பேனாவால் ஓரத்தில் "சிஸ்டம் + லேசர்" என்று கிறுக்கியிருந்தான். எந்த யூ.பி.எஸ். கொடுக்கலாம் என்று அவன் போட்ட கணக்கு. அதையே முதல் சான்றாவணமாகக் குறியீடு செய்தோம். அந்தக் கையெழுத்தை எதிர்தரப்பு மறுக்கவில்லை.

யூ.பி.எஸ். விலையும் வழக்குச் செலவும் தரச்சொல்லி உத்தரவாயிற்று. பிரிண்டருக்கு எதுவும் இல்லை: சர்வீஸ் சென்டர் சீட்டில் 'போர்டு பழுது' என்று மட்டும் இருந்தது, எதனால் என்று இல்லை. அதில் மன்றத்தைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை. இருந்தாலும், மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக 30 நாள் இருக்கிறதம்மா என்றேன்.

"வேணாம் சார். வாய்தாவுக்கு வாய்தா கடையைப் பூட்டிட்டு வரதுல ஒரு பிரிண்டர் காசு போயிடுச்சு."

புதிதாக வாங்கிய லேசரை நேராகச் சுவர் பிளக்கில் போட்டார். மின்வெட்டு நேரத்துக்கென்று ஒரு இங்க்ஜெட்டைப் புது யூ.பி.எஸ்.ஸில் வைத்துக்கொண்டார், ஃபியூசர் இல்லாத அதை யூ.பி.எஸ். சுலபமாகத் தாங்கியது.